ஹைதராபாத் வானமும் அதன் எல்லைகளும்

நிலத்துக்கு வேலி உண்டு. நீருக்குக் கரை உண்டு. வானத்துக்கு மட்டும் வரம்பு இல்லை என்று எண்ணுவது மனித இயல்பு. பண்டைச் சேர வேந்தர் சிலர் ‘வானவரம்பன்’ என்னும் பட்டத்தைத் தாங்கி இருந்தனர். வானத்தையே தன் நாட்டுக்கு எல்லையாக உடையவன் என்று அதற்குப் பொருள் கூறுவோர் உண்டு. சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய பாட்டு ஒன்று புறநானூற்றில் 27-ஆம் பாட்டாக அமைந்திருக்கிறது. சாரதி இல்லாமல் தானே விண்ணில் செல்லும் தேர் ஒன்றைப் பற்றிய குறிப்பு அதில் வருகிறது. புகழோடு வாழ்ந்தவர் மறுமையில் எய்தும் பேறாகப் புலவர் அதைச் சொன்னார்.

அந்தச் சாரதியில்லாத தேர் இன்று மறுமைக்குக் காத்திருக்கவில்லை. கலியாண மண்டபத்துக்கு மேலே பறந்து படம் எடுக்கிறது. வயலில் மருந்து தெளிக்கிறது. கட்டடம் எழும்பும் மனையை அளந்து கணக்குச் சொல்கிறது. ‘டிரோன்’ என்று உலகம் அதற்குப் பெயர் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டை விட்டு வேற்று மாநிலங்களில் குடியேறி வாழும் நம் இளைஞர்களுள்ளும் இதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். அவ்வாறு ஹைதராபாத்தில் தொழில் தொடங்கும் ஒருவர் முதலில் விடை காண வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தலைக்கு மேலே உள்ள வானம் யாருடையது? அதில் எந்தப் பகுதியில், எவ்வளவு உயரத்தில், யாருடைய அனுமதியோடு பறக்கலாம்? இந்தக் கேள்விக்கு விடையாக இன்று சட்டதிட்டங்கள் பல இருக்கின்றன. ஆனால் அவற்றை நெட்டுருப் போடுவதைக் காட்டிலும், அவை பிறந்த வரலாற்றை அறிந்துகொள்வது நன்று. வானத்தில் வரையப்பட்ட ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் பூமியில் நிகழ்ந்த ஒரு வழக்கோ, ஒரு யுத்தமோ, ஓர் அச்சமோ இருக்கிறது.

வானத்தைக் குறித்த முதல் கட்டுப்பாடு பிரான்ஸ் தேசத்தில் பிறந்தது. 1783-ஆம் ஆண்டில் மான்கோல்ஃபியே சகோதரர்கள் சூடான காற்றை நிரப்பிய பலூனைப் பறக்க விட்டார்கள். அடுத்த ஆண்டே, 1784-இல், முன் அனுமதி பெறாமல் எவரும் பலூன் பறக்க விடலாகாது என்று பாரிஸ் நகரத்துப் போலீஸ் அதிகாரி உத்தரவிட்டார். நெருப்போடு மேலே போகும் பலூன் எவன் கூரைமேல் விழுமோ என்பதே அவருடைய கவலை. ஆகவே, வானத்துச் சட்டம் கூரையைக் காப்பதற்காகவே தோன்றியது என்று சொல்லலாம்.

மேனாட்டுச் சட்ட மரபில் பழைய கோட்பாடு ஒன்று வழங்கிவந்தது. நிலம் யாருக்குச் சொந்தமோ, அந்த நிலத்துக்கு நேர் மேலே விண்ணுலகம் வரையிலும், நேர் கீழே பாதாளம் வரையிலும் அவனுக்கே சொந்தம் என்பது அது. மரக்கிளையும் தாழ்வாரமும் மட்டுமே அடுத்தவன் நிலத்தின்மேல் நீண்ட காலத்தில் இந்தக் கோட்பாட்டால் ஒரு தொல்லையும் இல்லை. விமானம் தோன்றிய பிறகு நிலைமை மாறியது. நம் சென்னையிலேயே, மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திவந்த தாஞ்சலிஸ் என்பவர் 1910-ஆம் ஆண்டில் சொந்தமாக விமானம் ஒன்றைக் கட்டிப் பறந்து காட்டினார். அத்தகைய விமானம் ஊர் தாண்டிப் போகத் தொடங்கினால், வழியில் உள்ள ஒவ்வொரு நிலக்காரனிடமும் அனுமதி கேட்க வேண்டுமா? ஒரு தேசத்தைக் கடந்து மற்றொரு தேசத்துக்குப் போனால் என்ன செய்வது?

முதல் உலக யுத்தம் இந்தக் கேள்வியைக் கூர்மையாக்கியது. விமானம் குண்டு போடவும் வல்லது என்பதை உலகம் கண்டுவிட்டது. 1919-ஆம் ஆண்டு அக்டோபர் 13-ஆம் தேதி பாரிஸில் ஏற்பட்ட சர்வதேச ஒப்பந்தம், ஒவ்வொரு தேசத்துக்கும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள வான்வெளியில் முழு ஆதிக்கம் உண்டு என்று அறிவித்தது. கடலைப் போல வானமும் எல்லாருக்கும் பொது என்று வாதித்தவர்களின் கட்சி அன்றோடு தோற்றது.

நம் நாட்டில் இதற்கான சட்டம் 1934-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதில் ‘விமானம்’ என்ற சொல்லுக்குக் கொடுக்கப்பட்ட விளக்கம் சுவையானது. காற்றின் எதிர்த்தாக்குதலால் வானில் தாங்கப்படும் எந்த யந்திரமும் விமானம் என்று சொல்லி, பலூனையும் காற்றாடியையும்கூட அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். சங்கராந்தி நாளில் ஹைதராபாத்து மொட்டை மாடிகளில் பட்டம் விடும் சிறுவர்கள் எல்லாரும் அந்தச் சட்டத்தின் கண்களுக்கு விமானிகளே! அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு, காற்றையும் பருவநிலையையும் மற்றச் சூழ்நிலைகளையும் கருதி நியாயமான உயரத்தில் பறந்த விமானத்தின்மீது, அது தன் நிலத்தின்மேல் பறந்தது என்ற ஒரே காரணத்துக்காக நிலக்காரன் வழக்குத் தொடுக்க முடியாது என்று விதித்தது. விண்ணுலகம் வரை நீண்டிருந்த நிலக்காரனின் உரிமை இந்தியாவில் இவ்வாறு சுருங்கியது. ஆனால் நியாயமான உயரம் எத்தனை அடி என்பதை அந்தப் பிரிவு கூறவில்லை. இந்தச் சட்டம் 90 ஆண்டுகள் உழைத்த பிறகு, 2025 ஜனவரி 1 முதல் ‘பாரதீய வாயுயான் அதிநியமம், 2024’ என்னும் புதிய சட்டம் அதன் இடத்துக்கு வந்தது.

சட்டம் சொல்லாமல் விட்ட அந்த உயரத்தைப் பற்றி அமெரிக்காவில் ஒரு வழக்கு எழுந்தது. வட கரோலினா மாநிலத்தில் கிரீன்ஸ்பரோ நகரத்துக்கு அருகே காஸ்பி என்னும் குடியானவர் கோழி வளர்த்துப் பிழைத்துவந்தார். இரண்டாம் உலக யுத்த காலத்தில் அவருடைய பண்ணைக்குப் பக்கத்து விமான நிலையத்தை ராணுவம் எடுத்துக்கொண்டது. விமானங்கள் அவருடைய நிலத்துக்கு 83 அடி உயரத்தில் பேரிரைச்சலோடு இறங்கின. அஞ்சிய கோழிகள் சுவரில் மோதிச் செத்தன, ஏறத்தாழ 150 கோழிகள் இவ்வாறு மாண்டன, தொழிலும் போயிற்று. 1946 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விண்ணுலகம் வரை நிலக்காரனுக்குச் சொந்தம் என்ற பழைய கோட்பாட்டுக்கு இந்தக் காலத்தில் இடமில்லை என்று நீதிபதிகள் ஒருபுறம் கூறினார்கள். மறுபுறம், தன் நிலத்தை அனுபவிப்பதற்கு வேண்டிய அளவு, நிலத்தை ஒட்டிய வானம் நிலக்காரனுக்கு உரியதுதான் என்றும் கூறி, நஷ்டஈடு பெற அவருக்கு உரிமை உண்டு என்று முடிவு செய்தார்கள். மேல் வானம் பொதுவழி, கீழ் வானம் வீட்டுக்காரனின் முற்றம் என்று ஆயிற்று. இரண்டுக்கும் இடையே கோடு எங்கே விழுகிறது என்பதை நீதிமன்றம் அடிக்கணக்கில் சொல்லவில்லை. டிரோன் பறப்பது சரியாக அந்த இடைவெளியில்தான்.

அந்த வழக்குக்குச் சற்று முன்னதாக, 1944 டிசம்பர் 7-ஆம் தேதி, சிகாகோ நகரில் 52 தேசங்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இந்தியாவும் அவற்றுள் ஒன்று. உலக விமானப் போக்குவரத்துக்கு இன்றும் அதுவே அடிப்படை. அதன் 8-ஆம் விதி, விமானி இல்லாமல் பறக்கக்கூடிய விமானம் எதுவும், ஒரு தேசத்தின் தனிப்பட்ட அனுமதியின்றி அந்தத் தேசத்தின்மேல் விமானி இல்லாமல் பறக்கலாகாது என்கிறது. அந்த ஆண்டு ஜூன் மாதம் முதல்தான் ஜெர்மனியின் விமானியில்லாப் பறக்கும் குண்டுகள் லண்டன் நகரத்தைத் தாக்கத் தொடங்கியிருந்தன. ஆளில்லா விமானத்துக்கு அனுமதி வேண்டும் என்னும் கொள்கை இவ்வளவு பழையது. கலியாண வீட்டில் படம் எடுக்கும் சிறு கருவிக்கு இத்தனை கட்டுப்பாடா என்று வியப்பவர்கள் இந்த வரலாற்றை நினைவில் கொள்ள வேண்டும்.

இனி ஹைதராபாத்துக்கு வருவோம். நிஜாம் ஆட்சியில் இந்தச் சமஸ்தானத்துக்குத் தனி நாணயம் உண்டு, தனித் தபால் தலை உண்டு, தனி ரயில் உண்டு. 1934-ஆம் ஆண்டுச் சட்டமோ பிரிட்டிஷ் இந்தியாவுக்கென்று இயற்றப்பட்டது. 1930-களில் பேகம்பேட்டையில் விமான நிலையம் எழுந்தது. 1945-இல் நிஜாம் அரசும் டாட்டா நிறுவனமும் சேர்ந்து ‘டெக்கான் ஏர்வேஸ்’ கம்பெனியை நிறுவின. அதன் டகோட்டா விமானங்கள் சென்னையையும் ஹைதராபாத்தையும் டில்லியையும் இணைத்தன. மதராஸ் பட்டாளங்களைத் தொடர்ந்து வந்து சிகந்தராபாத் கன்டோன்மென்டில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. ஒரு தலைமுறை ரயிலில் நெடுநேரம் கடந்த தொலைவை மறு தலைமுறை சில மணி நேரத்தில் கடக்க வழி பிறந்தது.

1947-இல் நாடு விடுதலை பெற்றபோது நிஜாம் இந்திய யூனியனில் சேரவில்லை. நாற்புறமும் இந்திய நிலம் சூழ்ந்த, கடற்கரை இல்லாத சமஸ்தானம் அது. தரை வழியில் பொருள் வருவது தடைப்பட்டபோது மிஞ்சியது வான்வழி ஒன்றே. 1948-இல் சிட்னி காட்டன் என்னும் ஆஸ்திரேலிய விமானி, கராச்சியிலிருந்து இந்திய வானத்தின் குறுக்கே இரவு நேரங்களில் பறந்து, சமஸ்தானத்து விமானத் தளங்களில் ஆயுதங்களை இறக்கினார். இந்திய அரசின் அனுமதி அவருக்கு இல்லை. வானத்தில் ஆதிக்கம் என்று 1919-இல் பாரிஸில் எழுதப்பட்ட வாசகத்தின் பொருளைத் தக்காண மக்கள் அந்த ஆண்டில் நேரில் கண்டார்கள். ஆதிக்கத்தைக் காகிதத்தில் எழுதினால் போதாது. இரவில் வருபவனைக் காணும் கண்ணும் வேண்டும். 1948 செப்டம்பர் 13-ஆம் தேதி இந்தியப் படை உள்ளே புகுந்தது. 17-ஆம் தேதி நிஜாம் போர் நிறுத்தம் அறிவித்தார். அதன்பின் ஹைதராபாத் நிலத்தோடு அதன் வானமும் இந்தியாவின் வானமாயிற்று. 1953-இல் விமானக் கம்பெனிகள் தேசியமயமானபோது டெக்கான் ஏர்வேஸ் இந்தியன் ஏர்லைன்ஸில் கலந்தது.

பிறகு இந்த நகரத்தைச் சுற்றி விமானத் தளங்கள் பெருகின. வடக்கே ஹக்கீம்பேட்டையில் விமானப்படையின் பயிற்சித் தளம். அதற்கும் வடமேற்கே துண்டிகல்லில் விமானப்படைக் கல்லூரி. இக்கல்லூரிக்கு 1967-இல் அடிக்கல் நாட்டியவர் ஹைதராபாத்திலேயே பிறந்த குடியரசுத் தலைவர் ஜாகிர் ஹுசேன். தெற்கே ஷம்ஷாபாத்தில் புதிய சர்வதேச விமான நிலையம் 2008 மார்ச்சில் திறக்கப்பட்டது. அன்றுமுதல் பேகம்பேட்டையிலிருந்து பயணிகள் விமானங்கள் கிரமமாகப் போவது நின்றது. ஆனால் பேகம்பேட்டை மூடப்படவில்லை. விமானப்படையும், பயிற்சி விமானங்களும், முக்கியப் பிரமுகர்களின் விமானங்களும் அதைப் பயன்படுத்துகின்றன. டிக்கெட் விற்காத நிலையத்தில் விமானம் இராது என்று எண்ணிக்கொண்டு அதன் அருகே டிரோனைக் கிளப்புகிறவர் பெரும் ஆபத்தை விலைக்கு வாங்குகிறார்.

விமானப் போக்குவரத்து வல்லுநர்கள் வானத்தை எவ்வாறு பிரித்திருக்கிறார்கள் என்பதை இப்போது பார்ப்போம். முதலில் மிகப் பெரிய பிரிவு. உலக வானம் முழுவதும் ‘விமானத் தகவல் வட்டாரங்கள்’ என்று பங்கிடப்பட்டிருக்கிறது. இந்தியாவில் டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என்று நான்கு பெரிய வட்டாரங்கள். ஹைதராபாத் எந்த வட்டாரத்தைச் சேர்ந்தது தெரியுமா? சென்னை வட்டாரத்தைச் சேர்ந்தது! ஊரை விட்டு வந்துவிட்டோம் என்று ஏங்கும் தமிழர்கள் ஒருமுறை தலை நிமிர்ந்து பார்க்கலாம். அவர்கள் பிரிந்தது சென்னையின் மண்ணை. விமானிகளின் படத்தின்படி அவர்கள் தலைக்கு மேலே இருப்பது இன்னும் சென்னை வட்டாரத்து வானமே.

ஒரு வட்டாரத்துக்குள்ளே அடுக்கடுக்காகப் பிரிவுகள் உண்டு. விமான நிலையத்தைச் சுற்றித் தரையிலிருந்தே தொடங்கும் பகுதி கட்டுப்பாட்டு மண்டலம். ஏறும் விமானமும் இறங்கும் விமானமும் தாழ்வாகப் பறப்பது அங்கேதான். அதற்கு மேலே, தரையைத் தொடாமல் குடைபோல விரிந்திருப்பது கட்டுப்பாட்டுப் பரப்பு. ஊருக்கு ஊர் செல்லும் வான் பாதைகள் அதை ஒட்டி அமைகின்றன. சர்வதேச அமைப்பு இந்த வானத்தை ‘ஏ’ முதல் ‘ஜி’ வரை ஏழு வகுப்புகளாக வகுத்திருக்கிறது. ஒவ்வொரு தேசமும் அவற்றுள் தனக்கு வேண்டியவற்றை எடுத்துக்கொள்கிறது. வகுப்புகளை வேறுபடுத்தும் கேள்விகள் எளியவை: உள்ளே வர அனுமதி கேட்க வேண்டுமா? கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பவர் மட்டுமே வரலாமா, கண்ணால் பார்த்துப் பறப்பவரும் வரலாமா? ஒரு விமானத்தை மற்றொன்றிலிருந்து விலக்கி வைக்கும் பொறுப்பு தரையில் உள்ள அதிகாரியுடையதா, விமானியுடையதா? ‘ஏ’ வகுப்பில் கட்டுப்பாடு மிகுதி. அங்கே கண்ணால் பார்த்துப் பறக்கும் விமானத்துக்கு இடமில்லை. ‘ஜி’ வகுப்பில் கட்டுப்பாடு இல்லை. பொறுப்பு முழுவதும் விமானியின் தலையில். இவை போக, எவரும் புகக்கூடாத தடை செய்யப்பட்ட பகுதி, நிபந்தனையோடு புகலாம் என்ற வரையறுக்கப்பட்ட பகுதி, குறிப்பிட்ட நேரங்களில் துப்பாக்கிப் பயிற்சி முதலியவை நிகழும் அபாயப் பகுதி என்று மூன்று வகைகளும் உண்டு.

டிரோன் வந்தபோது இந்தப் பழைய ஏற்பாடு திகைத்தது. விமானத்தில் உள்ளவன் பார்க்கிறான், கேட்கிறான், வானொலியில் பேசுகிறான். டிரோனை ஓட்டுகிறவனோ தரையில் நிற்கிறான். நம் அரசாங்கம் முதலில் கதவை அடைத்தது. 2014 அக்டோபரில் பொதுமக்கள் டிரோன் பறக்க விடுவதைத் தடுத்து அறிவிப்பு வந்தது. 2018 ஆகஸ்டில் விதிமுறைகள் வெளியிடப்பட்டு, டிசம்பர் 1 முதல் கதவு சற்றே திறந்தது. 2021 மார்ச்சில் வந்த விதிகள் படிவங்கள் மிகுந்தவையாக இருந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் அவற்றை மாற்றி எளிய ‘டிரோன் விதிகள், 2021’ வெளியாயின. செப்டம்பர் 24-ஆம் தேதி நாட்டின் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறங்களில் காட்டும் படமும் ‘டிஜிட்டல் ஸ்கை’ என்னும் அரசாங்கத் தளத்தில் வெளியிடப்பட்டது.

இந்த நிறங்களின் பொருளை நம்மவர் அறிந்த அளவுகோலால் விளக்குவோம். பச்சை மண்டலத்தில் தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர், உயரம் வரை முன் அனுமதி வேண்டாம். ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி. ஒன்றின்மேல் ஒன்றாக அத்தகைய இரண்டு கோபுரங்களை நிறுத்தினால் மேல் கோபுரத்தின் கலசங்கள் பச்சை வானத்தைத் தாண்டிவிடும். அந்த 400 அடிக்கு மேலே உள்ளது மஞ்சள். சாதாரண விமானம் ஊருக்கு வெளியே தரையிலிருந்து 500 அடிக்குக் கீழே இறங்கலாகாது என்பது பொதுவான விதி. ஆகவே டிரோனின் உச்சிக்கும் விமானத்தின் அடிக்கும் நடுவே நூறு அடி காப்பு இருக்கிறது.

விமான நிலையத்தின் அருகே கணக்கு வேறு. இயங்கும் விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 5 முதல் 8 கிலோமீட்டர் வரை தரையிலிருந்தே மஞ்சள். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி இல்லாமல் ஓர் அடிகூட எழும்பக் கூடாது. 8 முதல் 12 கிலோமீட்டர் வரை உள்ள வளையத்தில் 200 அடி, அதாவது 60 மீட்டர், வரை பச்சை; அதற்கு மேல் மஞ்சள். சார்மினாரின் உயரம் ஏறக்குறைய 56 மீட்டர். அந்த வளையத்தில் அனுமதியின்றி எட்டக்கூடிய வானம் சார்மினாரின் உச்சிக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. சிவப்பு மண்டலத்திலோ மத்திய அரசாங்கத்தின் அனுமதி இல்லாமல் எந்த உயரத்திலும் பறக்க முடியாது.

முந்தைய ஏற்பாட்டில் மஞ்சள் வட்டம் விமான நிலையத்தைச் சுற்றி 45 கிலோமீட்டர் வரை விரிந்திருந்தது. 2021-இல் அதை 12 கிலோமீட்டராகச் சுருக்கினார்கள். 45 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 6,360 சதுர கிலோமீட்டர். 12 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 450 சதுர கிலோமீட்டர். பதினான்கில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. பழைய கணக்கில் ஹைதராபாத் நகரம் முழுவதும் ஒரே மஞ்சளில் மூழ்கியிருக்கும். இப்போது நகரம் பல நிறங்களாகப் பிரிகிறது. ஆயினும் இந்த ஊர் மற்ற ஊர்களைப் போன்றதன்று. வடக்கே இரு விமானப்படைத் தளங்கள், நடுவே பேகம்பேட்டை, தெற்கே ஷம்ஷாபாத் என்று வட்டங்கள் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. ராணுவ நிலையங்களும், பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடங்களும் இங்கே மிகுதி. ஒரு தெருவின் நிறத்தை வைத்து அடுத்த தெருவின் நிறத்தை ஊகித்துவிட முடியாது. படத்தைப் பார்த்தே தீர வேண்டும்.

படத்தைப் பார்ப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. டிரோனுக்குரிய உயரம் தரையிலிருந்து அளக்கப்படுகிறது. விமானிகளின் படங்களில் உயரம் பெரும்பாலும் கடல் மட்டத்திலிருந்து அளக்கப்படுகிறது. சென்னையில் இந்த இரண்டுக்கும் அதிக வேறுபாடு இல்லை. மீனம்பாக்கம் கடல் மட்டத்துக்குச் சற்றே மேலே இருக்கிறது. பேகம்பேட்டையோ கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,740 அடி மேலே இருக்கிறது. ஷம்ஷாபாத் இன்னும் உயரம். 2,000 அடியைத் தாண்டும். சென்னையில் பழகிய கண்ணோடு தக்காண பீடபூமிக்கு வருபவர் இந்த வேற்றுமையை மனத்தில் இருத்தாவிட்டால், அதிகாரிகளிடம் பேசும்போது ஒருவர் சொல்லும் உயரம் மற்றவருக்கு வேறாக விளங்கும்.

நிறங்கள் நிலையானவையும் அல்ல. அவசரத் தேவை ஏற்பட்டால், மாநில அரசோ போலீஸ் இலாகாவோ ஒரு பகுதியைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக 96 மணி நேரம் வரை அறிவிக்கலாம். போலீஸ் சூப்பரின்டென்டென்ட் பதவிக்குக் குறையாத அதிகாரி அதைச் செய்வார். பெரிய தலைவர் வருகையும் பெருந்திரள் விழாவும் இத்தகைய சமயங்கள். ஆகையால், பறப்பதற்கு முன் ஒவ்வொரு தடவையும் அரசாங்கத் தளத்தில் நிலைமையைச் சரிபார்ப்பது ஓட்டுநரின் கட்டாயக் கடமை என்று 2021 விதிகள் கூறின. முந்தைய வாரம் அதே மண்டபத்தில் பறந்தோம் என்பது சமாதானம் ஆகாது. தொழிலாக டிரோன் ஓட்டுபவர், மிகச் சிறிய வகையான 250 கிராமுக்கு உட்பட்ட கருவியைத் தவிர, மற்றவற்றுக்கு அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிலையத்தில் தேறிச் சான்றிதழ் பெற வேண்டும் என்றும் அவ்விதிகள் அமைந்தன.

இவ்வளவு கட்டுப்பாடும் எதற்காக என்று கேட்பவர்களுக்கு ஹைதராபாத்துக்கு மேற்கே உள்ள விகாராபாத் விடை சொல்லும். 2021 செப்டம்பர் 11-ஆம் தேதி அங்கே ‘வானிலிருந்து மருந்து’ என்னும் சோதனைத் திட்டம் தொடங்கியது. தடுப்பூசி மருந்துகளைக் குளிர்ப் பெட்டியில் வைத்து டிரோன் சுமந்து சென்றது. ஓட்டுபவரின் கண்பார்வைக்கு அப்பாலும் பறந்தது. சாலை வளைந்து வளைந்து போகும் இடத்துக்கு வான்வழி நேராகப் போகிறது. காத்திருக்கும் நோயாளிக்கு அந்த வித்தியாசம் சிறியதன்று. கண்ணுக்கு எட்டாத தூரத்தில் ஆளில்லாத ஊர்தியை அனுப்ப வேண்டுமானால், அந்த வழியில் வேறு எதுவும் குறுக்கிடாது என்ற உறுதி வேண்டும். ஒவ்வொருவரும் தத்தம் அடுக்கில் பறந்தால்தான் அந்த உறுதி கிடைக்கும். கோடுகளே இல்லாத வானத்தில் மருந்துப் பெட்டிக்கும் வழி இராது.

ஆயினும் நிறப் படம் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. அந்தப் படம் விமானங்களின் பாதுகாப்பையும் தேசத்தின் பாதுகாப்பையும் கருதி வரையப்பட்டது. பச்சை என்றால் விமானத்துக்கும் அரசாங்கத்துக்கும் இடையூறு இல்லை என்று பொருள். கீழே மொட்டை மாடியில் துணி உலர்த்தும் பெண்மணிக்கு இடையூறு இல்லை என்று அது கூறவில்லை. 200 அடி உயரத்தில் நிற்கும் கருவியின் கண்ணுக்கு முற்றமும் ஜன்னலும் நன்றாகத் தெரியும். 1934-ஆம் ஆண்டுச் சட்டம் நியாயமான உயரத்தைப் பற்றிப் பேசியபோது, இரைச்சலிட்டுக் கடந்து போகும் விமானத்தை நினைத்ததே ஒழிய, ஓரிடத்தில் அசையாமல் நின்று பார்க்கும் ஒன்றை நினைக்கவில்லை. 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி, புட்டசாமி வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்க உரிமை அரசியலமைப்பு காக்கும் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அந்த உரிமை வீட்டுக் கூரையோடு நின்றுவிடுமா, கூரைக்கு மேலே எத்தனை அடி போகும் என்பது இனி வரும் வழக்குகளில் தெளிய வேண்டிய விஷயம்.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இந்தக் கேள்வியில் தனி அக்கறை இருக்க வேண்டும். உள்ளூர்க்காரர் ஒருவரின் டிரோன் அடுத்த வீட்டின்மேல் நின்றால் அது ஒருவருடைய தவறாக முடியும். அயலூரார் ஒருவருடையது நின்றால், பழி சில சமயம் ஒரு சமூகத்தின்மேல் விழுந்துவிடும். அனுமதிச் சீட்டு கையில் இருந்தாலும், பறப்பதற்கு முன் அக்கம்பக்கத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடும் வழக்கத்தை மேற்கொள்வது நன்று. அதற்கு வேண்டிய அளவு தெலுங்கும் உருதுவும் கற்றுக்கொள்வது தொழிலுக்கும் உதவும், நட்புக்கும் உதவும்.

பாரிஸ் நகரத்துக் கூரைகளை எண்ணி 1784-இல் எழுதப்பட்ட உத்தரவு முதல் இன்றைய மூன்று நிறப் படம் வரை, வானத்துச் சட்டம் எல்லாம் கீழே இருப்பவனை நினைத்து எழுந்தவையே. கோழி வளர்த்த குடியானவரும், இரவில் ஆயுத விமானத்தின் ஓசை கேட்ட தக்காணத்து மக்களும், மருந்துக்குக் காத்திருக்கும் விகாராபாத்து நோயாளியும் பூமியில் நின்றவர்களே. டிரோனை ஓட்டுகிறவரும் அவர்களோடு அதே தரையில் நிற்கிறார். படத்தில் தம் இடத்தின் நிறத்தைப் பார்த்தபின், ஒருமுறை சுற்றியுள்ள மாடிகளையும் பார்த்துவிட்டு அவர் கருவியைக் கிளப்புவாராக.